ஒரு சாண் ராணுவ ரகசியம்

சரக்கு யார்டில் அவரை எல்லோரும் அளவுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருஷமாக அவர் செய்துவந்த வேலை ஒன்றே ஒன்று. வேகனில் ஏற்றிய சரக்கு வழியில் எதிலும் இடிக்காமல் போய்ச் சேருமா என்று அளந்து சொல்ல வேண்டும். வண்டி யார்டை விட்டு வெளியேறும் இடத்தில், தண்டவாளத்துக்கு மேலே ஓர் இரும்பு வளைவு நின்றது. அதன் உச்சியில் ஒரு தகடும் ஒரு மணியும் தொங்கின. சரக்கு உயரமாக இருந்தால் தகட்டில் தட்டும், மணி அடிக்கும், அளவுக்காரர் சிவப்புக் கொடியைக் காட்டுவார். மரம், குழாய், ஆலை இயந்திரம் என்று எத்தனையோ அந்த வளைவுக்கு அடியில் போயிருக்கின்றன. ஒரு முறை சர்க்கஸ் கம்பெனியின் ஒட்டகச்சிவிங்கி போனது. மணிச் சத்தம் கேட்டதும் அது தானாகவே தலையைக் குனிந்துகொண்டது. ராணுவத்திடம் அந்தப் பெருந்தன்மையை எதிர்பார்க்க முடியாது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

பதினாறு டாங்கிகளை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று மேலிடம் முடிவு செய்தது. ஏன் என்று கேட்கக்கூடாது என்பதைச் சுற்றறிக்கையின் முதல் வரியிலேயே சொல்லிவிட்டார்கள். திட்டம் போடுவதற்காக ஒரு கர்னலும் பதினான்கு அதிகாரிகளும் வந்து, முதல் வகுப்புப் பயணிகளின் காத்திருப்பு அறையைப் பிடித்துக்கொண்டார்கள். பதினொரு நாள் திட்டம் போட்டார்கள். மேஜைமேல் வரைபடத்தை விரித்து, அதன்மேல் தீப்பெட்டிகளை நூலில் கோத்து ரயிலாக நிறுத்தி, கர்னல் கைப்பிரம்பால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். தீப்பெட்டிகள் ஒவ்வொரு தடவையும் எந்த இடைஞ்சலும் இல்லாமல் போய்ச் சேர்ந்தன. அதிகாரிகள் ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்கள்.

பத்தாம் நாள் அளவுக்காரரைக் கூப்பிட்டு ஓரமாக நிறுத்தினார்கள். ரயில்வேயையும் கலந்து ஆலோசித்ததாக ஃபைலில் எழுத வேண்டியிருந்தது.

"சார், மலையில ஒரு சுரங்கம் இருக்கு. அத நீங்க கணக்குல எடுத்துக்கணும்" என்றார் அளவுக்காரர்.

கர்னல் வரைபடத்தைப் பார்த்தார். "எந்தத் தாள்ல?"

"தாள்ல இல்ல சார். மலையில."

"நம்ம திட்டம் இந்தத் தாளோட முடியுது. அடுத்த தாள் வேற பிரிவோட பொறுப்பு. அடுத்தவன் பொறுப்புல மூக்க நுழைக்கறது ராணுவப் பண்பு இல்ல" என்றார் கர்னல். அதிகாரிகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். ரயில்வே கலந்து ஆலோசிக்கப்பட்டது.

ஏற்றும் வேலை ஒரு திங்கட்கிழமை காலை தொடங்கியது. யார்டில் இருந்தது ஒரே ஒரு சரிவு மேடை. வண்டிகள் அதில் ஏறி, வேகனுக்கு வேகன் பலகை வழியாக ஓடி, கடைசி வேகன் வரை போய் நிற்க வேண்டும். ஆகவே முதலில் ஏறுகிற வண்டி கோடியில் போய் நிற்கும். இது குழந்தைக்கும் புரியும் சங்கதி. ஆனால் வரிசைப் பட்டியல் பதவிப்படி தயாரிக்கப்பட்டிருந்தது. முதலில் கர்னலின் ஜீப் ஏறியது. பிறகு அடுத்தடுத்த பதவிக்காரர்களின் ஜீப்புகள். கடைசியில், பதவியே இல்லாத டாங்கிகள். சாயங்காலம் எல்லாம் ஏற்றி, சக்கரத்துக்கு ஆப்பு வைத்து, சங்கிலி இறுக்கி முடித்ததும் பார்த்தால், கர்னலின் ஜீப் ரயிலின் வாலில் நின்றது.

"ஒரு கர்னலோட ஜீப் எப்படிப்பா கடைசில போகும்?" என்று கர்னல் வருத்தத்தோடு கேட்டார்.

ஓர் அதிகாரி உடனே வழி சொன்னார். எஞ்சினைக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டினார்கள். இப்போது கர்னலின் ஜீப் முதலில் நின்றது. ரயில் முழுவதும் சரியான மரியாதை வரிசையில், போக வேண்டிய ஊருக்கு எதிர்த்திசையைப் பார்த்து நின்றது. இது மறுநாள் யாரோ சொல்லித்தான் தெரிந்தது. எல்லாவற்றையும் இறக்கி, மறுபடி ஏற்றினார்கள். சிப்பாய்களின் உள்ளங்கைகள் சங்கிலி இழுத்துக் கிழிந்துபோயின. அவர்களைப் பற்றி எந்தப் பட்டியலிலும் எதுவும் இல்லை.

இரண்டாம் தடவை ஏற்றியபோதுதான் அளவுக்காரர் டாங்கிகளைக் கிட்டப் போய்ப் பார்த்தார். ஒவ்வொன்றின் தலையிலும் நான்கு இரும்புக் கால்கள் நட்டு, அதன்மேல் ஒரு தகரக் கூரை மாட்டியிருந்தது.

"இது என்ன தம்பி?" என்று ஒரு சிப்பாயைக் கேட்டார்.

"குடைங்க. போன வருஷ அணிவகுப்புல மந்திரி டாங்கிமேல நின்னுக்கிட்டு வரதா இருந்தாரு. வெயில் படக்கூடாதுன்னு மாட்டினாங்க. எந்த டாங்கியில ஏறுவாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல. அதனால பதினாறுக்கும் மாட்டிட்டாங்க."

"எதுல ஏறுனாரு?"

"அவரு கார்ல வந்தாரு."

அளவுக்காரர் மேலே ஏறி, அளவுகோலை நிறுத்தி, டேப்பைப் பிடித்து அளந்தார். தண்டவாளத்திலிருந்து குடையின் உச்சி வரை நாலு மீட்டர் ஐம்பது. மலைச் சுரங்கத்தின் உயரம் நாலு மீட்டர் முப்பது. ஒரு சாண் அதிகம். ஓடுகிற வண்டி ஒரு சாண் இரும்பைக் கொண்டுபோய்ச் சுரங்கத்தின் வாயில் மோதினால் என்ன ஆகும் என்பதை அவர் ஒரு பழைய விபத்தில் பார்த்திருக்கிறார். அன்றைக்கு எடுத்துப் போட்ட உடல்களை இப்போதும் மறக்க முடியவில்லை.

அவர் நேரே கர்னலிடம் போனார். "சார், அந்தக் குடைய மட்டும் கழட்டிட்டா போதும். ஒரு டாங்கிக்கு எட்டு நட்டு. சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிடும்."

கர்னல் ஃபைலை வரவழைத்தார். டாங்கியின் பாகங்கள் என்று எண்ணூற்று நாற்பது பெயர்கள் இருந்தன. குடை இல்லை.

"இல்லாத ஒண்ண கழட்டச் சொல்லி நான் எப்படி உத்தரவு போடறது? நாளைக்கு ஆடிட்ல கேட்பான், இல்லாத பாகத்த எதுக்குக் கழட்டினேன்னு. முதல்ல குடை இருக்குன்னு ஒரு கமிட்டி ஒத்துக்கணும். அதுக்கு எட்டு மாசம் ஆகும். வண்டி வெள்ளிக்கிழமை கிளம்புது."

"மணி அடிக்கும் சார்" என்றார் அளவுக்காரர். வேறு என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

மணி அடிக்கத்தான் செய்தது. ஒத்திகைக்காக முதல் டாங்கி வேகனை வளைவுக்கு அடியில் தள்ளியதும் யார்டு முழுக்கக் கேட்டது. கர்னல் காதைப் பொத்திக்கொண்டார். சத்தம் எதிரியின் காதில் விழக்கூடும் என்று மணிக்குச் சாக்கு சுற்றினார்கள். அப்போதும் தகடு தடதடவென்று அதிர்ந்தது. கர்னல் வளைவை ஏற இறங்கப் பார்த்தார். "ராணுவம் இதுவரைக்கும் யாருக்கும் குனிஞ்சதில்ல" என்றார். மதியத்துக்குள் வெல்டிங்காரனை வரவழைத்து வளைவை ஒரு முழம் உயர்த்திவிட்டார்கள். பதினாறு டாங்கிகளும் எதிலும் படாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தன. உயரப் பிரச்சினை முழுமையாகத் தீர்க்கப்பட்டதாக மேலிடத்துக்குத் தந்தி போனது. யார்டு மாஸ்டர் இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "நமக்கு எதுக்குய்யா வம்பு" என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

அளவுக்காரர் விடவில்லை. வழக்கமான படிவத்தில் நாலு மீட்டர் ஐம்பது என்று எழுதி, வண்டி போகத் தகுதியில்லை என்று அடிக்கோடிட்டு அனுப்பினார். அரை மணி நேரத்தில் ரகசியப் பாதுகாப்புக் கேப்டன் ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார். அந்தக் கேப்டன் எப்போதும் மெதுவான குரலில் பேசுவார். டாங்கிகளைத் தார்ப்பாயால் மூடி, அதன்மேல் 'விவசாயக் கருவிகள்' என்று எழுத வைத்தது அவர்தான். வெளியே நீட்டிக்கொண்டிருந்த பீரங்கிக் குழல்களுக்குத் தனியாக உறை தைத்து 'தண்ணீர்க் குழாய்' என்று எழுதியதும் அவர்தான்.

"இந்த எண் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் கேப்டன்.

"அளந்தேன் சார்."

"டாங்கியோட உயரம் ராணுவ ரகசியம். அது உங்க கைக்கு வந்திருக்கு. இதுக்குப் பேரு என்ன தெரியுமா?"

"அளக்கறதுதான் சார் என் வேலை."

"உங்க வேலை அளக்கறது. தெரிஞ்சுக்கறது இல்ல" என்றார் கேப்டன்.

படிவம் பறிமுதல் செய்யப்பட்டது. டேப்பு, எண்களைப் பார்த்த குற்றத்துக்காக உறையில் போட்டு அரக்கு முத்திரை வைக்கப்பட்டது. அளவுக்காரர் முன்னால் ஒரு தாள் நீட்டப்பட்டது. மேலே 'தெரியாமை உறுதிமொழி' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. கீழே இருந்தது இவ்வளவுதான்: 'இந்த ரயிலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இனிமேலும் தெரியாது.' மீறினால் ஏழு வருஷம் ஜெயில் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. அளவுக்காரர் பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார்.

மத்தியானம் வீட்டுக்குப் போனார். யார்டை ஒட்டிய குவார்ட்டர்ஸ்தான், மதில் ஏறிக் குதித்தால் வீடு. மனைவி சாப்பாட்டைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சோத்துல கைய வச்சுக்கிட்டு கால் மணி நேரமா உக்காந்திருக்கீங்க. என்ன ஆச்சு?"

"சொல்லக்கூடாது."

"என்ன சொல்லக்கூடாது?"

"அதையும் சொல்லக்கூடாது. எழுதிக் குடுத்திருக்கேன்."

"பொண்டாட்டிகிட்ட பேசக்கூடாதுன்னு எந்தக் கட்டையில போறவன் எழுதி வாங்கினான்?" என்றாள் அவள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "அந்த டாங்கி வண்டிய யாரு ஓட்டறது?"

ஓட்டுகிறவர் பெயர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது, அது ரகசியம் இல்லை. "உன் தம்பிதான்" என்றார்.

"வண்டி உயரமா?"

அளவுக்காரர் சுவரைப் பார்த்தார்.

"சுவத்துல ஒண்ணும் இல்ல. இருபது வருஷமா உங்க மூஞ்சிய நான் அளந்துக்கிட்டுத்தான் இருக்கேன். உயரம்தானே?" அவள் குரல் உடைந்தது. "உங்களுக்கு அது ரகசியமா இருக்கலாங்க. எனக்கு அது என் கூடப் பொறந்தவன். அவனுக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

அவளே போய்ச் சொல்லலாம் என்று கிளம்பினாள். ஆனால் எஞ்சின் டிரைவர்களின் ஓய்வறையைச் சுற்றி நான்கு துப்பாக்கிக்காரர்கள் நின்றார்கள். வெள்ளிக்கிழமை வரை உறவினர்களைப் பார்க்க அனுமதி இல்லை. கொண்டுபோன சாப்பாட்டுத் தூக்கைக்கூட, உள்ளே செய்தி இருக்கலாம் என்று கரண்டியால் கிண்டிப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பிரேக் சோதனைக்காக அளவுக்காரர் எஞ்சின் பக்கம் போக வேண்டியிருந்தது. கேப்டனும் கூடவே வந்தார். எஞ்சினின் பக்கக் கண்ணாடிகளுக்குக் கறுப்புச் சாயம் பூசியிருந்தது. தான் எதை இழுக்கிறோம் என்பதை டிரைவர் பார்த்துவிடக் கூடாதாம். மச்சினன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சிரித்தான்.

"மாமா, மூணு நாளா மாப்பிள்ளை மாதிரி கவனிக்கறாங்க. கக்கூசுக்குப் போனாலும் கூட ஒருத்தன் வரான்."

"மாப்ள, சுரங்கம் எவ்வளவு உயரம்?"

"நாலு முப்பது. நீங்கதானே அத வாசல்ல பெயிண்டுல எழுதினீங்க."

"அத நல்லா ஞாபகம் வச்சுக்கோ."

"எனக்கு எதுக்கு மாமா அதெல்லாம்? பதினெட்டு வருஷமா உங்க கொடியப் பாத்துத்தான் ஓட்டறேன். நீங்க பச்சை காட்டினா கண்ண மூடிக்கிட்டுப் போவேன்" என்றான் மச்சினன். பக்கத்தில் கேப்டனின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது.

கேப்டன் கெட்டிக்காரர். சுரங்கத்தின் உயரத்தையும் டாங்கியின் உயரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதிரிக்கு ஏதோ ஒன்று புரிந்துவிடும் என்பது அவருக்கு உடனே விளங்கியது. எதிரிக்குப் புரியப்போவது நமக்கும் புரிய வேண்டாமா என்ற கேள்வி அவர் பாடத்திட்டத்தில் இல்லை. சுரங்கத்தின் உயரமும் அன்றைக்கே ரகசியமாக்கப்பட்டது. வாசலில் எழுதியிருந்த எண்ணை அழிக்க, எழுதியவரையே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அளவுக்காரர் ஏணியில் நின்று, தன் கையால் எழுதிய எண்ணைத் தன் கையாலேயே கறுப்பாக்கினார். அந்த எண்ணைப் பார்க்கத் தனக்கு அனுமதி இல்லாததால் கேப்டன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அழிஞ்சுதா?"

"அழிஞ்சுது சார்."

"என்ன எண்ண அழிச்சீங்க? சரிபார்க்கணும்."

"சொல்லக்கூடாது சார்."

"நல்லது. தேறிட்டீங்க" என்றார் கேப்டன்.

வெள்ளிக்கிழமை காலை வழியனுப்பு விழா. எஞ்சினுக்கு மாலை போட்டார்கள். பேண்டு வாத்தியம் வாசித்தது. ரகசிய ரயில் என்பதால் மெதுவாக வாசித்தது. தார்ப்பாய்களுக்கு அடியில் நாற்பது சிப்பாய்கள் உட்கார்ந்திருந்தார்கள், டாங்கிகளுக்குக் காவலாக. கர்னல் மட்டும் விமானத்தில் போகிறார். ரயிலை வரவேற்க அங்கே ஆள் வேண்டும் அல்லவா. பிளாட்பாரத்தில் போட்டிருந்த மேடையில் ஏறி அவர் பேசினார்.

"வீரர்களே, தடை தடைன்னு சொல்றாங்க. தடைன்னா என்ன? அதப்பத்தித் தெரிஞ்சவனுக்குத்தான் அது தடை. நம்ம வெற்றிகள எடுத்துப் பாருங்க, எதையாவது தெரிஞ்சுக்கிட்டு ஜெயிச்சிருக்கோமா? இந்தத் திட்டத்துல தப்பு இருக்கறதா எனக்கு ஒரு தகவலும் வரல. தகவல் வராம இருக்க நாங்க எவ்வளவு பாடுபட்டோம்னு எங்களுக்குத்தான் தெரியும். ஏதாவது ஆச்சுன்னாகூடக் கவலைப்படாதீங்க. விசாரணைக் கமிட்டிக்கு உறுப்பினர்கள இப்பவே போட்டாச்சு. நினைவுத் தூணுக்கு இடமும் பார்த்தாச்சு."

பலத்த கைதட்டல். கர்னல் அளவுக்காரர் பக்கம் திரும்பித் தலையசைத்தார். பச்சைக் கொடி காட்ட வேண்டும்.

அளவுக்காரர் கொடியைக் கையில் வைத்திருந்தார். எஞ்சின் ஜன்னலில் மச்சினன் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் மனைவி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தக் கை இப்போது உயர்ந்தால் அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டு போவான். ஏழு வருஷத்தை நினைத்தால் பயமாகத்தான் இருந்தது. பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. எட்டு நட்டைக் கழற்ற வக்கில்லாத கூட்டம் தன் கையைக்கொண்டு கொலை செய்யப் பார்க்கிறதே என்ற கோபம். அவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"மாப்ள" என்று கூப்பிட்டார். பேண்டு சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "ஏத்தியிருக்கறது நாலு ஐம்பது. சுரங்கம் நாலு முப்பது. வண்டி ஒரு சாண் உயரம். கெளம்பாத."

பேண்டு நின்றது. தார்ப்பாய்களுக்கு அடியிலிருந்து நாற்பது தலைகள் வெளியே வந்தன. கர்னலின் முகம் சிவந்தது. ஆனால் கேப்டன் பதறவில்லை. இந்த மாதிரி நெருக்கடிக்குத்தான் அவர் பயிற்சி பெற்றிருந்தார்.

"ரகசியம் கசிஞ்சுடுச்சு. கேட்டவங்க யாரும் எடத்த விட்டு நகரக் கூடாது" என்றார்.

பெட்டியைத் திறந்து உறுதிமொழித் தாள்களை எடுத்தார். சிப்பாய்கள், பேண்டுக்காரர்கள், அதிகாரிகள், யார்டு மாஸ்டர், காதில் விழுந்த எல்லோரிடமும் வரிசையாகக் கையெழுத்து வாங்கப்பட்டது. முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று கர்னல் முதலில் போட்டார். காது இருப்பதால் கேப்டனும் போட்டுக்கொண்டார். கடைசியாக எஞ்சின் படியில் ஏறி மச்சினனிடம் தாளை நீட்டினார்.

மச்சினன் நிதானமாக இரண்டு தடவை படித்தான். "இந்த ரயிலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இதானே சார்?"

"அதேதான்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எஞ்சினிலிருந்து கீழே இறங்கினான்.

"எங்க போறீங்க?"

"வீட்டுக்கு சார். இந்த ரயிலப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். ஒண்ணும் தெரியாதவன் ஓட்டலாமா? ஏழு வருஷம் போட்டுடுவீங்க."

அவன் வேலியைத் தாண்டி அக்காவிடம் போனான். அவள் அவன் தலையைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"முதல்ல இந்த ஆளக் கைது பண்ணுங்க" என்று கர்னல் அளவுக்காரரைக் காட்டிக் கத்தினார்.

கேப்டன் தயங்கினார். "அவர் என்ன சொன்னாருன்னு குற்றப்பத்திரிகையில எழுதணுமே சார். எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போட்டிருக்கேன். உங்களுக்கு?"

கர்னலும் கையெழுத்துப் போட்டிருந்தார். மேடையில் நின்று கூட்டத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தார்.

"சரி, இந்த ரயிலப் பத்தி ஏதாவது தெரிஞ்சவங்க இங்க யாராவது இருக்கீங்களா?"

பிளாட்பாரத்தில் இருநூறு பேர் நின்றார்கள். ஒருவரும் கையைத் தூக்கவில்லை. அளவுக்காரரும் கைகட்டி நின்றார், எழுதிக் கொடுத்த வாக்கை இரண்டாம் தடவை மீற அவருக்கு மனம் வரவில்லை.